காற்றில் முளைத்த கட்டி

கட்டி இருந்தது. அது இருப்பதற்கு இடம்தான் இல்லை.

“புரியும்படியா சொல்லுங்க டாக்டர்,” என்றான் வால். “எனக்காக இல்ல, என் அத்தானுக்காக. நான் எப்படியும் புரிஞ்சுக்கப் போறதில்ல.”

அத்தான் என்று அவன் காட்டியது, பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்த துப்பறிவாளரை. தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பெயரே கண்ணாடி. நாளெல்லாம் துடைப்பார், போட மாட்டார். போட்டுவிட்டால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு, கேஸ் கேஸாக அவர் பின்னால் அலைவது இவன் பிழைப்பாகிவிட்டது. வால் என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஸ்கேன் சென்டரில் படம் பார்க்கும் அறை அது. ஜன்னல் கிடையாது, விளக்கையும் அணைத்திருந்தார்கள். இரண்டு பெரிய திரைகளின் முன்னால் ஆறிப்போன காபியோடு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

“இந்தத் திரையில இருக்கறது சி.டி.,” என்றார். “உள்ள எது எங்க இருக்கு, என்ன வடிவத்துல இருக்குன்னு துல்லியமா காட்டும். ஆனா அது வளருதா, சும்மா கிடக்கான்னு சொல்லாது. அந்தத் திரையில பெட் ஸ்கேன். கொஞ்சம் கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரையை ஊசியில ஏத்துவோம். உடம்புல எது மும்முரமா வேலை செய்யுதோ, அது சர்க்கரையை அள்ளிக் குடிச்சிட்டு மின்னும். புற்றுநோய்க்குப் பசி ஜாஸ்தி, அதனால அதுவும் மின்னும். ஆனா பெட்ல வெளிச்சம்தான் தெரியும், சுவர் தெரியாது.”

“ஒண்ணுக்கு வீடு தெரியும், குடியிருக்கறது யாருன்னு தெரியாது. இன்னொண்ணுக்கு ஆள் தெரியும், வீடு தெரியாது,” என்றான் வால்.

“அதேதான். அதனால ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்ப்போம்.” டாக்டரம்மா ஒரு பொத்தானைத் தட்ட, சாம்பல் நிற உடம்பின் மேல் ஆரஞ்சு வெளிச்சங்கள் வந்து உட்கார்ந்தன. “பெரிய இடங்கள்ல ரெண்டும் ஒரே மெஷினுக்குள்ள இருக்கும். நமக்கு அந்த வசதி இல்ல. தனித்தனி ரூம், தனித்தனி நாள், கடைசியில கம்ப்யூட்டர்தான் ஒட்டும். இப்ப பாருங்க. இடது நுரையீரல்ல ஒரு சின்ன முடிச்சு. வடிவம் இருக்கு, வெளிச்சம் இல்ல. வலது நுரையீரல்ல பளிச்சுன்னு வெளிச்சம். அங்க வடிவமே இல்ல. வெறும் காத்து.”

“காத்துக்குப் புற்றுநோய்,” என்றான் வால். “உலகத்துலயே முதல் கேஸா இருக்கும்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லை. அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் ஒரு கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். எக்ஸ்ரேயில் ஏதோ புள்ளி தெரிந்ததால் சர்ஜன் இரண்டு ஸ்கேனும் எழுதிக் கொடுத்திருந்தார். படம் குழப்பவே, “திறந்து பார்த்துடலாம், ரெண்டு பக்கமும்” என்று முடிவு கட்டிவிட்டார் அவர். நாளைக் காலையில் ஆபரேஷன். கடிகாரக்காரர் மனைவி இன்று காலையில் இவர்கள் ஆபீஸ் கதவைத் தட்டி, “என் வீட்டுக்காரரை எதுக்கு வெட்டறாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டபோது அவர் கை கதவுப் பிடியை விடவே இல்லை. வால் அப்போது மட்டும்தான் ஜோக் அடிக்காமல் இருந்தான்.

“மெஷின் கோளாறா?” என்றார் கண்ணாடி.

அதற்காகவே காத்திருந்த மாதிரி பின்னாலிருந்து இரண்டு குரல்கள் கிளம்பின. சி.டி. அறையை நடத்துகிறவர் குட்டை, பெட் அறையை நடத்துகிறவர் நெட்டை. இந்தப் படம் வந்ததிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் டாக்டரம்மா வழியாகத்தான்.

“டாக்டர், அவர்கிட்ட சொல்லுங்க. அவர் மெஷின் இடத்தையும் வலத்தையும் மாத்திக் காட்டுது,” என்றார் குட்டை.

“டாக்டர், நான் இங்கதான் நிக்கறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க,” என்றார் நெட்டை.

“இடம் வலம் மாறியிருந்தா இதயமும் பக்கம் மாறியிருக்கணுமே,” என்றார் கண்ணாடி. “ரெண்டு படத்துலயும் இதயம் ஒரே பக்கம்தான் இருக்கு.”

“நானும் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்,” என்றார் டாக்டரம்மா. “தண்ணி நிரப்பின பொம்மையை ரெண்டு மெஷின்லயும் வச்சு எடுத்தோம். கச்சிதமா பொருந்துச்சு. மத்த நோயாளிகளுக்கும் பொருந்துது. இவருக்கு மட்டும் மக்கர்.”

“ஆள் ஒல்லியா குண்டான்னாவது தெரியுமா?” என்றார் கண்ணாடி.

“அளவு ஒத்து வரலைன்னா கம்ப்யூட்டரே இழுத்து, அமுக்கி, சரி பண்ணிடும். அது யாரையும் கேட்காது.”

“எங்க அக்கா அத்தானுக்குச் சட்டை வாங்கற மாதிரி,” என்றான் வால்.

கண்ணாடி திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். “மூளையில இருக்கற வெளிச்சம்?”

“எல்லாருக்கும் மின்னும். பயப்பட வேண்டாம்.”

“சரி. தாடையில ரெண்டு பக்கமும் ஏதோ மின்னுது. தொண்டையில மின்னுது. வலது முன்கை முழுக்க மின்னுது. இதுவும் எல்லாருக்குமா?”

டாக்டரம்மா அலுப்பாகக் கையை வீசினார். “ஊசி போட்டதும் தனி ரூம்ல ஆடாம, அசையாம, பேசாம உட்காரணும். எந்தத் தசை வேலை செஞ்சாலும் சர்க்கரை அங்க ஓடிடும். யார் கேக்கறாங்க? ஒருத்தர் பேசுவார், ஒருத்தர் மெல்லுவார். நான் அதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதறதே இல்ல.”

“இந்த நோயாளியை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“தலையில இருந்து கால் வரைக்கும், குறுக்கே நெடுக்கே, உள்ளே வெளியே பார்த்திருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “முகத்தைத் தவிர,” என்றார். “எங்க வேலை அப்படி. இந்த ரூமுக்குப் படம்தான் வரும், ஆள் வர மாட்டாங்க.”

கண்ணாடி நிமிர்ந்தார். “வாடா, முகத்தைப் பார்த்துட்டு வரலாம்.”

*

கடிகாரக் கடை அகலத்தில் ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஆளுக்கொரு நேரம் காட்டின. கல்லாவுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பை தயாராக இருந்தது. மடித்த துண்டு, ஃபிளாஸ்க், சோப்பு டப்பா. அந்தப் பையைத் தாண்டித்தான் யாரும் உள்ளே வர வேண்டியிருந்தது, ஆனால் அதை நகர்த்தி வைக்க அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். வந்தவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வளவுதான்.

“எப்படி இருக்கீங்க?” என்றார் கண்ணாடி.

“நல்லா இருக்கார்,” என்றார் மனைவி.

“ராத்திரி தூங்கினீங்களா?”

“எங்க தூங்கினார்? கூரையைப் பார்த்துக்கிட்டே கிடந்தார்.”

“அம்மா, அவரே சொன்னா நல்லா இருக்கும்.”

“அவரா?” அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணம் ஆனதுல இருந்து இவர் பேசினதை எல்லாம் ஒரு போஸ்ட் கார்டுல எழுதிடலாம். மிச்ச இடத்துல விலாசமும் எழுதலாம்.”

வால் கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து சூயிங்கம் ஒன்றை எடுத்து நீட்டினான். “அண்ணே, டென்ஷனுக்கு நல்லது.”

கடிகாரக்காரர் அதைப் பார்த்தார். மரியாதைக்குக் கும்பிட்டார். பிறகு மேல்வரிசையை நாக்கால் தள்ளி, லேசாக வெளியே எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். பல்செட்.

“ஒட்டிக்குமாம்,” என்று மொழிபெயர்த்தார் மனைவி. “அஞ்சாறு வருஷமா மெல்லற எதையும் தொடறதில்ல. கஞ்சி, ரசம், இட்லி. முறுக்குன்னு சொன்னாலே எழுந்து போயிடுவார்.”

வால் கையை இழுத்துக்கொண்டான். இழுத்தவன் அப்படியே நின்றான். பேசாத மனுஷன். மெல்லாத மனுஷன். குனிந்து பார்த்தான். சின்ன ஸ்க்ரூடிரைவர் சுழன்றது இடது கையில். வலது கை மேஜை மேல் சும்மா கிடந்தது.

“அத்தான்,” என்றான் மெதுவாக.

“பார்த்துட்டேன்,” என்றார் கண்ணாடி. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்தச் சர்க்கரை ஊசியை உங்களுக்கு எந்தக் கையில போட்டாங்க?”

ஸ்க்ரூடிரைவர் நின்றது. கடிகாரக்காரர் இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார், அப்புறம் மனைவியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்ததுதான் தப்பு. அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமலா அந்த அம்மா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினார்?

“ஏங்க. என்ன பண்ணி வச்சீங்க?”

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சி.டி. நான்,” என்றார். “பெட் அவன்.”

“எவன்?”

அவனே வந்துவிட்டான். கதவு திறப்பதற்கு முன்னாலேயே குரல் வந்துவிட்டது.

“அக்கா, நாளைக்கு வண்டி பேசியாச்சு. ஏ.சி. வண்டி, அலுங்காம போவான், டிரைவர் நமக்குத் தெரிஞ்ச பையன், மாமாவுக்கு முன் சீட்டு, பை பின்னால, நான் நடுவுல. இவங்க யாரு? உட்காருங்க சார். நாற்காலி நல்ல மரம், இப்ப கிடைக்காது.”

அந்த அம்மாவின் தம்பி ஏலம் விடுகிறவர். பழைய மேஜை, பீரோ, மூடிய கடைகளின் சாமான்கள் எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் கைமாறும். கன்னத்தில் சூயிங்கம் ஓய்வில்லாமல் புரண்டுகொண்டிருந்தது. சட்டைப் பையில் குட்டி மரச்சுத்தி. பேசும்போதே வலது கை அதை உருவி, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் தட்டியது.

வால் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தான். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. “கம்ப்யூட்டர் பாவம் அத்தான்,” என்றான். “என்ன பாடுபட்டிருக்கும்.”

“டேய்,” என்றார் அக்கா. “மாமாவுக்குப் பதிலா நீயா போய்ப் படுத்தே?”

ஏலக்காரர் மெல்லுவதை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு மறைத்துப் பிரயோசனமில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பழைய வேகம் வந்துவிட்டது.

“அக்கா, கோபப்படாம கேளு. சி.டி. எடுத்துட்டு வந்த அன்னைக்கு மாமா கை நடுங்குச்சு. இந்தக் கை நடுங்கினா கடை என்ன ஆகும்? அடுத்த மெஷின் இதைவிட நீளமான குகை, ரொம்ப நேரம் உள்ள கிடக்கணும்னாங்க. மாமா சாப்பிடறதை விட்டுட்டார். நான் என்ன முட்டாளா? விசாரிச்சேன். ஸ்கேன் சென்டர்ல முன்னால உட்கார்ந்திருந்த பொண்ணுகிட்ட, ரெண்டு படத்தையும் வச்சு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். ஒண்ணா சேர்த்துடுவோம் சார்னு சொல்லுச்சு. எப்படியும் சேர்க்கத்தானே போறாங்க? ஆளுக்குப் பாதி கொடுத்தா என்ன, குடும்பத்துக்குள்ளதானே?”

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“பேரைக் கூப்பிட்டாங்க, கையைத் தூக்கினேன்,” என்று தொடர்ந்தார். “உள்ள ஒரு சாய்வு நாற்காலியில உட்கார வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. பேசாம இருன்னா எப்படி? அந்த நாற்காலியையே நாலு தடவை ஏலம் விட்டேன். எனக்கே வித்தேன்.”

அந்த அம்மா சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் தம்பியைப் பார்த்தார். “நோய் இவருக்கு, ஊசி உனக்கா?”

“பாதியாவது நான் வாங்கிக்கலாம்னுதான்கா.”

கண்ணாடி அதற்குள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் பின்னால் குட்டையும் நெட்டையும் ஒருவரோடு ஒருவர் நேரடியாகவே பேசிக்கொள்வது கேட்டது.

“அப்படின்னா இடது பக்க முடிச்சு மட்டும்தான் கடிகாரக்காரரோடது,” என்றார் டாக்டரம்மா. “அது சுண்ணாம்பு படிஞ்ச பழைய தழும்பு. வடிவத்தைப் பார்த்தாலே தெரியுது. அந்த வலது பக்க வெளிச்சம் மட்டும் குறுக்கே வரலைன்னா நான் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். சர்ஜன்கிட்ட நான் பேசறேன். நாளைக்கு ஆபரேஷன் இல்ல.”

அந்த அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பையை இழுத்து, உள்ளே இருந்த துண்டை எடுத்து, அதிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கடிகாரக்காரர் எழுந்து வந்து அவர் தலையில் கையை வைத்தார். ஏலக்காரர் சுத்தியால் கதவு நிலையைத் தட்டி, “பார்த்தியா, நான் போனதால ஒரு கெடுதலும் இல்ல” என்றார்.

வாலுக்கு அந்த நேரத்தில் வாய் சும்மா இருந்திருக்கலாம். அது பழக்கமில்லை.

“டாக்டர் குழம்பினதுல தப்பே இல்ல சார்,” என்று ஏலக்காரரிடம் ஆரம்பித்தான். “உங்க படம் அப்படியே திருவிளக்கு. தாடையில வெளிச்சம், அது இந்தச் சூயிங்கம். தொண்டையில வெளிச்சம், அது நாற்காலி ஏலம். வலது கையில வெளிச்சம், அது சுத்தி. வலது நுரையீரல்ல வெளிச்சம், அது வந்து…”

அது வந்து என்ன?

வாய் திறந்தபடியே நின்றது. கண்ணாடி அவனைத் திட்டவில்லை. கண்ணாடி ஏற்கெனவே அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்து, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றிருந்தார் என்பது வாலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜோக் அடித்துக்கொண்டே போய் இப்படி ஒரு கதவைத் திறந்துவிட்டோமே என்று அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்கா துண்டிலிருந்து முகத்தை எடுத்தார். “அதுக்கு என்ன? சொல்லுங்க தம்பி. மூச்சு விட்டா மின்னுமா?”

போனிலிருந்து டாக்டரம்மாதான் பதில் சொன்னார், குரலைத் தாழ்த்தி. “இல்லம்மா. மூச்சுக்கு மின்னாது.”

ஏலக்காரரின் தாடை நின்றுபோனது. கண்களை ஒரு முறை சுற்றிலும் ஓட்டினார், ஏலத்தில் ஆள் தேடுவது போல. பிறகு சுத்தியைத் தூக்கினார்.

“சரி,” என்றார். குரல் பாதிதான் வந்தது. “ஒரு வெளிச்சம் இருக்கு. நல்ல சாமான், சொந்தக்காரன் யாருன்னு தெரியாம கிடக்கு. யாருக்கு வேணும்? ஒரு தரம். ரெண்டு தரம்.”

கடிகாரக்காரர் இடது கையை உயர்த்தினார்.

“நான் எடுத்துக்கறேன்,” என்றார். “இந்தத் தடவை உனக்குப் பதிலா நான் படுக்கறேன்டா.”

அதில் ஒரு பைசா அர்த்தமில்லை என்பது அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், சொன்னவருக்கும் சேர்த்து. ஆனாலும் கையை இறக்கவில்லை அவர். ஏலக்காரர் சுத்தியை மூன்றாவது முறை தட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு பேரும் உடனே கிளம்பி வாங்க,” என்றது போன். “இந்தத் தடவை அவரவர் படம் அவரவருக்கு.”

*

கடிகாரக்காரர் குகைக்குள் போனார். கை நடுங்கியது, ஆனாலும் போனார். மைத்துனனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் வந்து குகைப் பயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டது போலிருக்கிறது. வெளியே வந்த படத்தில் இடது முடிச்சு இருட்டாகக் கிடந்தது. தொண்டையும் இருட்டுதான். இவ்வளவு அமைதியான தொண்டையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று நெட்டை குட்டையிடம் சொன்னார். நேரடியாகவே சொன்னார்.

பக்கத்து அறையில் ஏலக்காரருக்கு சி.டி. எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் அவருடைய அக்கா, கடிகாரக்காரர், கண்ணாடி, வால் நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏலக்காரரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். வால் ஒரு தடவை மட்டும், “அத்தான், உங்களுக்கு ஏதாவது வந்தா நான் படுக்க மாட்டேன். நேரா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவேன்,” என்றான்.

“இழுத்துட்டுப் போ,” என்றார் கண்ணாடி. கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை.

படம் பார்க்கும் அறையின் கதவு திறந்தது. அந்தக் கதவைத் தாண்டி டாக்டரம்மா நோயாளிகள் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டாள். டாக்டரம்மா வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, மெல்லாமல் உட்கார்ந்திருந்த பெரிய உடம்பின் முன்னால் நின்றார்.

“நீங்கதானா?” என்றார்.

ஏலக்காரர் தலையசைத்தார்.

“ரெண்டு படமும் பொருந்திடுச்சு. மயிரிழை விலகல. வெளிச்சம் இருக்கற இடத்துலயே சின்னதா ஒரு கட்டி இருக்கு.” டாக்டரம்மா அவர்களோடு அதே பெஞ்சின் நுனியிலேயே உட்கார்ந்துகொண்டார். “ஊசி வச்சு எடுத்துப் பார்த்தாத்தான் அதுக்குப் பேர் சொல்ல முடியும். நல்ல பேரா இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரொம்பச் சின்னது. இந்த அளவுல இருமல் வராது, வலி வராது, இதைத் தேடிக்கிட்டு யாரும் வர மாட்டாங்க. வேற இடத்துக்குப் பரவின அடையாளமும் இல்ல. எடுத்துடலாம். நீங்க உங்களுக்காக வர்றதா இருந்தா ரொம்ப லேட்டா வந்திருப்பீங்க.”

அக்கா தம்பியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். வைத்த கையை அங்கிருந்து எடுக்கவில்லை. கடிகாரக்காரர் மறுபக்கம் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏலக்காரர் பைக்குள் கையை விட்டுச் சுத்தியை எடுத்தார். பெஞ்சின் விளிம்பில் மெல்ல ஒரு தட்டு தட்டினார்.

“மூணு தரம்,” என்றார். “என் பேருக்கே முடிச்சுக்கறேன் மாமா. நீங்க கையை இறக்குங்க.”